கோடையில் ஜன்னலைச் சாத்துங்கள்

ஜூன் பிறந்து வெயில் ஏறத் தொடங்கியதும், டொரோன்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் பேஸ்மென்டை வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டுக்காரரிடம் போய்க் கீழே புழுங்கல் நாற்றம் அடிக்கிறது என்று சொன்னால், கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "யன்னலைத் திறந்து விடுங்கோ, காத்துப் பட்டால் எல்லாம் காஞ்சு போம்." யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர் மட்டும் சொல்வதில்லை. பக்கத்து வீட்டு இத்தாலியக் கிழவரும் அதையே சொல்வார், பெயின்ட் அடிக்க வருபவரும் அதையே சொல்வார். கனடாவிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கும் இது பாட்டி காலத்து அறிவு. மூடிக் கிடக்கும் இடம் நாறும், காற்றோட்டம் இருந்தால் உலரும். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதிவரை, புழுக்கமான நாட்களில், அந்த ஊரில் திறந்து வைத்த பேஸ்மென்ட் ஜன்னல் ஈரத்தை வெளியே அனுப்புவதில்லை. உள்ளே கொண்டுவந்து சேர்க்கிறது. நாற்றத்துக்கு மருந்து என்று சொல்லப்படுவதே பல வீடுகளில் நாற்றத்தின் காரணம்.

கணக்கு எளிது. ஜூலை மாதத்துச் சாதாரணப் புழுக்க நாள் ஒன்றில் வெளியே 28 டிகிரி செல்சியஸ், ஒப்பு ஈரப்பதம் 60 சதவீதத்துக்குச் சற்று மேல் என்று கொள்வோம். அந்தக் காற்றில் ஒவ்வொரு கன மீட்டரிலும் ஏறத்தாழ 17 கிராம் நீராவி இருக்கும். அதே காற்று பேஸ்மென்டுக்குள் இறங்குகிறது. மூன்று பக்கமோ நான்கு பக்கமோ மண்ணால் சூழப்பட்ட இடம் அது. ஜூலையிலும் தரைக் கான்கிரீட் பல வீடுகளில் 16, 17 டிகிரியில்தான் இருக்கும். 17 டிகிரியில் உள்ள காற்று ஒரு கன மீட்டரில் தாங்கக்கூடிய நீராவி 14.5 கிராம். மிச்சம் எங்கே போகும்? ஐஸ் தண்ணீர் டம்ளரின் வெளிப்புறத்தில் முத்து முத்தாய்க் கோர்ப்பது எதுவோ அதுவே தரையிலும், சுவரின் அடிப்பகுதியிலும், குளிர்ந்த தண்ணீர்க் குழாயிலும் படியும். கண்ணுக்குத் தெரியும் அளவு படியாவிட்டாலும், தரையை ஒட்டிய காற்றின் ஒப்பு ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டிவிடும். ஒரு பரப்பை ஒட்டி ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றாலே பூஞ்சணத்துக்குப் போதும். தண்ணீர் சொட்டவேண்டிய தேவையே அதற்கு இல்லை.

இந்த இடத்தில் பலரையும் குழப்புவது சதவீதம். வெளியே 60, உள்ளே 75 என்று ஈரமானி காட்டினால், வெளிக்காற்றே உலர்ந்தது, அதை உள்ளே விட்டால் 75 குறையும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் ஒப்பு ஈரப்பதம் என்பது அந்தந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடியதில் எத்தனை பங்கு நிரம்பியிருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். 28 டிகிரியின் 60 சதவீதமும் 18 டிகிரியின் 75 சதவீதமும் ஒரே தராசில் நிற்பவை அல்ல. முதலாவதில் நீராவி 16 கிராமுக்கு மேல், இரண்டாவதில் பன்னிரண்டுக்குள். சதவீதம் குறைவாகக் காட்டும் வெளிக்காற்றில்தான் தண்ணீர் அதிகம். ஒப்பிட வேண்டிய எண் பனிநிலை, அதாவது காற்று எந்த வெப்பநிலைக்கு இறங்கினால் அதிலுள்ள ஆவி நீராகத் தொடங்குமோ அந்த வெப்பநிலை. கனடாவின் வானிலைத் துறை 1965-லிருந்து சொல்லிவரும் ஹியூமிடெக்ஸ் என்ற புழுக்க எண்ணும் இந்தப் பனிநிலையிலிருந்தே கணக்கிடப்படுகிறது. வானொலியில் "இன்று 40 போல உணர்வீர்கள்" என்று சொல்லும் நாளில் வெளிக்காற்றின் பனிநிலை பேஸ்மென்ட் தரையின் வெப்பநிலையை எப்போதோ தாண்டியிருக்கும். அன்றுதான் எல்லாரும் ஜன்னலைத் திறக்கிறார்கள்.

இவ்வளவு எளிய கணக்கு ஏன் எடுபடுவதில்லை? ஜன்னல் வாதம் முட்டாள்தனத்தில் பிறந்தது அல்ல என்பதால்தான். அது உண்மையாக இருக்கும் இடங்கள் உண்டு, காலங்கள் உண்டு. யாழ்ப்பாணத்திலோ தஞ்சாவூரிலோ வீட்டின் தரையும் சுவரும் வெளிக்காற்றின் வெப்பத்திலேயே இருக்கும். முற்றத்து வழியே வரும் காற்று எதையும் தொட்டுக் குளிர்வதில்லை. ஆகவே ஈரத்தை வாங்கிக்கொண்டு போகிறது, பாய் உலர்கிறது, துணி உலர்கிறது. மண்ணுக்குள் பாதி இறங்கிய வீடு அந்த ஊர்களின் அனுபவத்தில் இல்லை. 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்துப் பக்கமிருந்து கிளம்பி ஸ்கார்பரோவின் பேஸ்மென்டுகளில் முதல் கனடிய வாழ்க்கையைத் தொடங்கியவர்கள் தங்கள் காற்றோட்ட அறிவையும் கூடவே கொண்டுவந்தார்கள். ஊரில் அது சரியான அறிவு. இங்கே பத்தடி கீழே இறங்கியதும் பிழையாகிறது.

குளிர்காலமும் அந்த நம்பிக்கைக்குச் சாட்சி சொல்கிறது. ஜனவரியில் வெளியே மைனஸ் 10 டிகிரி என்றால், ஒரு கன மீட்டர் காற்றில் 2 கிராம் சொச்சத்துக்கு மேல் நீராவி இருக்க வழியே இல்லை. அதை உள்ளே விட்டுச் சூடாக்கினால் பாலைவனக் காற்று. சோறு வடித்து, குழம்பு கொதித்து, துணி காயப்போட்ட பேஸ்மென்டின் காற்றை அது சீக்கிரமே உலர்த்திவிடும், ஹீட்டிங் பில்லைக் கூட்டிவிட்டு. ஜனவரியில் பலித்தது ஜூலையிலும் பலிக்கும் என்று நம்புவது மனித இயல்பு.

மூன்றாவது சாட்சி மூக்கு. ஜன்னலைத் திறந்த அரைமணியில் நாற்றம் குறைவது உண்மைதான். காற்றில் கலந்திருந்த நாற்றம் கலைந்து போகிறது, அவ்வளவே. அதே அரைமணியில் சோபாவின் பின்புறத்திலும், தரையில் அடுக்கிய அட்டைப்பெட்டிகளின் அடியிலும் புதிய ஈரம் இறங்கிக்கொண்டிருக்கும். இரவு ஜன்னலைச் சாத்தினால் மறுநாள் காலை நாற்றம் இன்னும் கொஞ்சம் தடித்து நிற்கும். உடனே மறுபடி ஜன்னல். பிறகு சாம்பிராணி.

இந்தப் பிழையைப் பொதுமக்கள் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை. கட்டட விதிகளே அரை நூற்றாண்டுக்கு மேல் இதைச் சட்டமாக்கி வைத்திருந்தன. அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் பல வீடுகள் தரைக்கும் மண்ணுக்கும் இடையே இரண்டு மூன்றடி இடைவெளி விட்டுக் கட்டப்படுபவை. அந்த இடைவெளியில் காற்றுத் துளைகள் வைக்கவேண்டும், இத்தனை சதுர அடிக்கு இத்தனை என்ற விகிதம் 1940-களின் கூட்டரசு வீட்டுக்கடன் விதிமுறைகளிலேயே இடம்பெற்றுவிட்டது. இலினாய் பல்கலைக்கழகத்தின் கட்டட ஆய்வாளர் வில்லியம் ரோஸ் 1990-களில் அந்த விகிதத்தின் பூர்வீகத்தைத் தேடிப் பழைய ஆவணங்களைப் புரட்டினார். அதற்கு அடிப்படையான பரிசோதனை எதுவும் அகப்படவில்லை. யாரோ எழுதினார்கள், அடுத்தவர் பிரதி எடுத்தார், விதியாகிவிட்டது.

பரிசோதனை பிறகு நடந்தது. வட கரோலினாவின் பிரின்ஸ்வில் என்ற சிற்றூர் 1999-இல் ஃபிளாய்ட் புயலின் வெள்ளத்தில் மூழ்கிப்போனது. வெள்ளத்துக்குப் பின் அங்கே எழுந்த, ஒரே அளவிலும் ஒரே அமைப்பிலும் அமைந்த 12 வீடுகளை அட்வான்ஸ்டு எனர்ஜி என்ற அமைப்பு ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது. சில வீடுகளில் அடித்தளத் துளைகளை விதிப்படி திறந்தே விட்டார்கள். மற்றவற்றில் துளைகளை அடைத்து, மண்ணைப் பிளாஸ்டிக் விரிப்பால் மூடி, கொஞ்சம் உலர்காற்று மட்டும் கிடைக்கச் செய்தார்கள். ஆண்டுக்கணக்கில் அளந்தார்கள். துளை திறந்த வீடுகளின் அடியில் கோடை முழுக்க ஒப்பு ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டி நின்றது. அடைத்த வீடுகளின் அடி உலர்ந்து கிடந்தது. சூடேற்றவும் குளிரூட்டவும் ஆகும் செலவும் அடைத்த வீடுகளில் ஏறக்குறைய 15 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்தது. காற்றோட்டத்துக்காக வைத்த துளைகள்தான் ஈரத்தின் வாசல் என்று அந்த ஊரின் வீடுகள் காட்டின.

அமெரிக்கர்கள் காற்றோட்டத்தின் அருமை தெரியாதவர்கள் என்று சொல்பவர்கள் ஜெர்மனியைப் பார்க்கலாம். ஜன்னலைத் திறந்து காற்று விடுவதை ஏறக்குறைய ஒரு கடமையாகவே கருதும் நாடு அது. வீட்டு வாடகை ஒப்பந்தங்களிலேயே தினமும் இத்தனை தடவை ஜன்னலைத் திறக்கவேண்டும் என்று எழுதுவார்கள். அந்த நாட்டிலும் நுகர்வோர் ஆலோசகர்கள் கோடையில் நிலவறைக்கு விதிவிலக்குக் கொடுக்கிறார்கள்: பகலில் சாத்தி வைக்கவும், குளிர்ந்த இரவிலோ விடியலிலோ மட்டும் திறக்கவும். உள்ளேயும் வெளியேயும் பனிநிலையை அளந்து, வெளிக்காற்று உண்மையிலேயே உலர்ந்திருக்கும்போது மட்டும் விசிறியை ஓடவிடும் கருவிகள் அங்கே விற்பனையாகின்றன.

ஆசியாவிலும் இதற்குப் பெரிய சான்று உண்டு. சீனாவின் துன்ஹுவாங் நகருக்கு அருகே மலையைக் குடைந்து அமைத்த மொகாவ் குகைகளில் ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட பௌத்தச் சுவரோவியங்கள் இருக்கின்றன. பாலைவனத்து ஊர். அங்கே ஈரம் எங்கிருந்து வரும்? துன்ஹுவாங் ஆய்வுக் கழகமும் அமெரிக்காவின் கெட்டி பாதுகாப்பு நிறுவனமும் சேர்ந்து அளந்து பார்த்தபோது, கோடையில் மழை பெய்யும் நாட்களில் திறந்த கதவு வழியே நுழையும் ஈரக்காற்று ஒரு முக்கிய எதிரி என்று தெரிந்தது. சுவரில் உறைந்திருக்கும் உப்பை அது கரைக்கிறது. காற்று உலர்ந்ததும் உப்பு மீண்டும் படிகமாகி ஓவியத்தின் பூச்சை உதிர்க்கிறது. அதனால் குகைக்குள் ஒப்பு ஈரப்பதத்துக்கு 62 சதவீதம் என்று எல்லை வகுத்தார்கள். நிலத்தடியில் ஈரத்தைக் கட்டுப்படுத்தும் வழி, ஈரமான நாளில் கதவைச் சாத்துவதுதான். பேஸ்மென்ட் சுவரில் வெள்ளை வெள்ளையாகப் பூத்து உதிரும் உப்பைப் பார்த்தவர்களுக்கு மொகாவின் கதை அவ்வளவு தூரத்துக் கதையாக இருக்காது.

ஜன்னலைச் சாத்தியாயிற்று. உள்ளே ஏற்கெனவே இருக்கும் ஈரத்துக்கு என்ன செய்வது? மண்ணிலிருந்து கான்கிரீட் வழியே ஊறுவது, குளிப்பது, சமைப்பது, நாலு பேர் மூச்சு விடுவது எல்லாம் சேர்ந்து தினமும் லிட்டர் கணக்கில் வரும். அதை எடுக்கத்தான் டிஹியூமிடிஃபையர் என்கிற ஈரநீக்கி. அதன் உள்ளே இருப்பது குளிர்சாதனப் பெட்டியின் அதே இயந்திரம். விசிறி அறைக்காற்றை இழுத்து, பனிநிலைக்குக் கீழே குளிர்ந்த சுருள்குழாயின் மேல் செலுத்துகிறது. ஆவி நீராகி வாளியில் சொட்டுகிறது. உலர்ந்த காற்று பின்னாலுள்ள சூடான சுருளைத் தாண்டி வெளியே வருகிறது. ஆவி நீராகும்போது லிட்டருக்கு ஏறத்தாழ 0.7 யூனிட் வெப்பம் விடுபடும், மோட்டார் உண்ணும் மின்சாரமும் வெப்பமாகவே முடியும். ஆகவே இந்த இயந்திரம் அறையைக் கொஞ்சம் சூடாக்கும். மேல்மாடியில் இது தொல்லை, பேஸ்மென்டில் வரம். குளிர்ந்த பரப்பு ஒரு டிகிரி சூடானாலும் பூஞ்சணத்துக்கு அது நெருக்கடி.

இதற்கு நேர்மாறாக, மத்திய ஏசி ஓடுவதால் பேஸ்மென்டும் உலரும் என்று நம்புவோர் கவனிக்கவேண்டிய ஒன்று: தெர்மோஸ்டாட் மேலே இருக்கிறது. மேலே 24 டிகிரிக்குக் கொண்டுவர ஏசி பாடுபடும்போது கீழே 18-க்கு இறங்கிவிடுகிறது. வெப்பநிலை இறங்க இறங்க ஒப்பு ஈரப்பதம் ஏறும். ஏற்கெனவே குளிர்ந்த இடத்தை மேலும் குளிரவைப்பது ஈரத்துக்கு உதவி.

இனி எதிர்வாதங்கள். முதலாவது, "ஜன்னலும் திறந்திருக்கட்டும், மெஷினும் ஓடட்டும்" என்ற நடுவழி. கேட்க நியாயமாக இருக்கும், கணக்கில் தோற்றுப்போகும். 60 சதுர மீட்டர் பேஸ்மென்டின் கொள்ளளவு ஏறத்தாழ 140 கன மீட்டர். உள்ளே 19 டிகிரியில் 50 சதவீதம் வேண்டும் என்றால் கன மீட்டருக்கு 8 கிராம் நீராவிதான் இருக்கலாம். வெளியிலிருந்து வருவது 17 கிராம். திறந்த ஜன்னலால் மணிக்கு ஒருமுறை காற்று முழுக்க மாறினால், மணிக்கு 1.2 லிட்டருக்கு மேல் புதுத் தண்ணீர் ஆவியாக உள்ளே நுழைகிறது. ஒரு நாளைக்கு 30 லிட்டர். வட அமெரிக்கக் கடைகளில் 50 பைன்ட் என்று விற்கும் பெரிய வீட்டு மெஷின் நாளொன்றுக்கு எடுப்பது 24 லிட்டருக்குச் சற்றுக் குறைவு, அதுவும் இடைவிடாமல் ஓடினால். ஆக அது தெருவை உலர்த்திக்கொண்டிருக்கிறது, தெருவோ தீர்ந்துபோவதில்லை. "மெஷின் வாங்கியும் பிரயோசனமில்லை" என்று அலுத்துக்கொள்பவர்கள் வீட்டில் முதலில் பார்க்கவேண்டியது ஜன்னல் கொண்டியைத்தான்.

அந்த 50 பைன்ட் என்ற எண்ணிலும் ஒரு பழங்கதை இருக்கிறது. 2019 வரை இந்த இயந்திரங்களை ஏறத்தாழ 27 டிகிரிச் சூட்டில் சோதித்து அளவு போட்டார்கள். சூடான காற்றில் தண்ணீர் அதிகம், எடுப்பதும் எளிது. ஆனால் இவை போய் உட்காருவது குளிர்ந்த பேஸ்மென்டில். அமெரிக்க எரிசக்தித் துறை 2019-இல் சோதனை வெப்பநிலையை 18 டிகிரிப் பக்கம் இறக்கியது. அன்றுவரை 70 பைன்ட் என்று விற்ற பெட்டி அன்றிலிருந்து 50 பைன்ட் ஆயிற்று. மெஷின் மாறவில்லை, பொய் குறைந்தது. பழைய 50 பைன்ட் பெட்டியையும் புதிய 50 பைன்ட் பெட்டியையும் ஒன்றென நினைத்து யார்ட் சேலில் வாங்குகிறவர்கள் ஏமாறுவது இதனால்தான்.

இரண்டாவது, ஹைட்ரோ பில். ஒன்டாரியோவில் மின்கட்டணத்துக்கு அந்தப் பெயர். இது நேர்மையான கவலை. நல்ல மெஷின் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 1.8 லிட்டர் அளவில் எடுக்கும். தினமும் 10 லிட்டர் எடுக்கவேண்டிய வீட்டில் ஐந்தரை யூனிட் போகும். யூனிட் 10 சென்ட் என்று வைத்தால் நாளுக்கு அரை டாலருக்குச் சற்று மேல், மூன்று மாதத்துக்கு 50 டாலர். இதை வீண்செலவு என்பவர்கள் ஒரு மெத்தையின் விலையையும் ஒரு கம்பளத்தின் விலையையும் பக்கத்தில் எழுதிப் பார்க்கட்டும். தவிர, ஜன்னல் மூடிய வீட்டில் முதல் இரண்டு வாரம்தான் வாளி அடிக்கடி நிறையும். கட்டில், புத்தகம், சுவர்ப்பலகை எல்லாம் குடித்துவைத்த ஈரத்தைக் கக்கி முடித்தபின் மெஷின் ஓய்ந்து ஓய்ந்துதான் ஓடும். ஒன்டாரியோவில் 2023-இல் வந்த இரவுநேரக் குறைந்த கட்டணத் திட்டத்தில் இருப்பவர்கள் இரவு 11-லிருந்து காலை 7 வரை ஓடவிட்டால் பில் இன்னும் இளைக்கும்.

மெஷின் தீப்பிடிக்கும் என்ற பயமும் இட்டுக்கட்டியதில்லை. சீனாவின் கிரீ நிறுவனம் தயாரித்து, பிரிஜிடேர், கென்மோர், டான்பி எனப் பல பெயர்களில் விற்கப்பட்ட இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட ஈரநீக்கிகள், சூடேறித் தீப்பிடிப்பதாக 2013-இல் திரும்பப் பெறப்பட்டன. அந்த விவகாரத்தில் கிரீ 2016-இல் அமெரிக்க அரசுக்கு 1.545 கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. அதே 2016-இல் வேறொரு தயாரிப்பாளரின் லட்சக்கணக்கான பெட்டிகளும் திரும்பப் பெறப்பட்டன. ஆகவே பழைய பெட்டியை இலவசமாகக் கொடுத்தாலும் மாடல் எண்ணைத் திரும்பப் பெற்ற பட்டியலோடு ஒப்பிடாமல் பிளக்கில் சொருகக்கூடாது, எக்ஸ்டென்ஷன் வயரில் மாட்டக்கூடாது. இது பழைய மெஷின்களுக்கு எதிரான வாதம். ஜன்னலுக்கு ஆதரவான வாதமாக இதை மாற்ற முடியாது.

எதிர்த்தரப்பின் கையில் இருக்கும் வலுவான அம்பு ரேடான். மண்ணிலுள்ள யுரேனியம் சிதைவதால் உண்டாகும், மணமோ நிறமோ இல்லாத கதிரியக்க வாயு. கனடாவில் நுரையீரல் புற்றுநோய்க்குப் புகைபிடித்தலுக்கு அடுத்த இரண்டாவது காரணம் அதுவே. அது முதலில் சேருவது பேஸ்மென்டில். ஜன்னலைச் சாத்தினால் ரேடான் தேங்காதா? தேங்கும் வீடுகள் உண்டு, ஈரநீக்கி அதைத் துளியும் குறைக்காது. ஆனால் ரேடான் பொதுவாக உச்சத்துக்குப் போவது குளிர்காலத்தில், எந்த வாதத்தைக் கேட்டவரும் ஜன்னலைத் திறக்காத மாதங்களில். கோடையில் நாலு மணிநேரம் திறந்து வைத்ததால் அந்தக் கணக்குத் தீர்ந்துவிடாது. கனடாவின் சுகாதாரத் துறை வகுத்த எல்லை ஒரு கன மீட்டருக்கு 200 பெக்கரல். மூன்று மாதமாவது வைத்து அளக்கும் சிறு கருவியால் அளந்து, எல்லையைத் தாண்டினால் தரைக்கு அடியில் குழாய் இறக்கி விசிறியால் வாயுவை உறிஞ்சி வீட்டுக்கு வெளியே விடவேண்டும். அந்த வேலைக்குத் தேவை ஒரு குழாயும் விசிறியும்.

சாத்துவது என்றால் ஆணி அடிப்பது அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். படுக்கையறை ஜன்னல் தீ விபத்தில் வெளியேறும் வழி. ஒன்டாரியோ கட்டட விதிப்படி அதன் திறப்பு 0.35 சதுர மீட்டருக்குக் குறையக்கூடாது, சாவியோ கருவியோ இல்லாமல் உள்ளிருந்து திறக்க முடியவேண்டும். பிளாஸ்டிக் ஒட்டி, பலகை அறைந்து அடைத்துவைக்கும் ஆர்வக்கோளாறு உயிருக்கு ஆபத்து. கேஸ் அடுப்பும் கேஸ் ஹீட்டரும் இருக்கும் இடத்தில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி தனிக் கடமை. குளித்தபின்னும் சமைக்கும்போதும் ஈரத்தை நேரே வெளியேற்ற உறிஞ்சு விசிறி ஓடட்டும், அது ஜன்னலைப்போல் நாள் முழுதும் ஊரையே உள்ளே அழைப்பதில்லை. செப்டம்பர் கடைசியில் பனிநிலை 8, 10 டிகிரிக்கு இறங்கியதும் ஜன்னலைத் தாராளமாகத் திறக்கலாம்.

ஜன்னல் கட்சி இப்படி என்றால் மெஷின் கட்சி இன்னொரு மூடநம்பிக்கையை வைத்திருக்கிறது: வாளி நிறைகிறது, ஆகவே பிரச்சினை தீர்ந்தது. ஈரநீக்கிக்கு ஆவியைத்தான் தெரியும். தண்ணீராக வருவதை அது தடுக்காது. 2013 ஜூலை 8 அன்று டொரோன்டோவின் பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீட்டர் மழை கொட்டியது. 2024 ஜூலை 16 அன்று ஏறக்குறைய 98. இரண்டு நாளும் எத்தனையோ பேஸ்மென்டுகள் மூழ்கின. அன்று வேண்டியிருந்தது தரையடிக் குழியில் சேரும் நீரை இறைத்து வெளியேற்றும் சம்ப் பம்பும், சாக்கடை திரும்பி ஏறாமல் தடுக்கும் வால்வும். வெள்ளம் வராத வீடுகளிலும் கூரைத் தண்ணீர் இறங்கும் பீலிக்குழாய் அடித்தளத்தை ஒட்டியே வாய் வைத்திருந்தால், ஒவ்வொரு மழையும் சுவருக்குள் ஊறும். எந்த மெஷினும் அதற்கு ஈடுகொடுக்காது.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க நிபுணர் வேண்டியதில்லை. ஒரு முழ அகலப் பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து, நாலு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விட்டுப் பார்க்கலாம். தாளின் அடியில் நீர் கோர்த்திருந்தால் அது மண்ணிலிருந்து வருவது. மேற்பரப்பு நனைந்திருந்தால் காற்றிலிருந்து வருவது. கோடையில் மேற்புறம் நனையும் வீட்டில் ஜன்னலைத் திறக்கச் சொல்பவருக்கு அந்தத் தாளைக் காட்டினால் போதும்.

இத்தனைக்கும் பிறகு இந்த நம்பிக்கை அசையாமல் நிற்பதற்குக் காற்றோட்ட அறிவு மட்டும் காரணமில்லை என்றே தோன்றுகிறது. அது ஒருவருக்கு வசதியாகவும் இருக்கிறது. ஈரத்துக்குக் காரணம் திறக்காத ஜன்னல் என்றால் குற்றவாளி கீழே குடியிருப்பவர். "நீங்கள் காத்து விடுறேல்லை, கறி கூடச் சமைக்கிறியள், உடுப்பை உள்ளே காயப்போடுறியள்." பூஞ்சணம் பிடித்த சுவரைப் பற்றிய பேச்சு குடியிருப்பவரின் சோம்பலைப் பற்றிய பேச்சாக மாறிவிடும். பீலிக்குழாயை யாரும் போய்ப் பார்க்க மாட்டார்கள். வெடித்த அடித்தளம் அப்படியே இருக்கும். துணி காயப்போடுவதும் சமைப்பதும் ஈரம் சேர்ப்பது உண்மைதான், ஒரு வாஷிங் மெஷின் துணியிலிருந்தே லிட்டர் கணக்கில் ஆவி போகும். ஆனால் சமைக்காமல், உடுப்புத் துவைக்காமல், மூச்சு விடாமல் குடியிருக்கவா ஆயிரத்துச் சொச்ச டாலர் வாடகை கொடுக்கிறார்கள்?

ஒன்டாரியோவின் 2006-ஆம் ஆண்டு வாடகைக் குடியிருப்புச் சட்டம், 20-ஆம் பிரிவில், வீட்டைப் பழுதில்லாமலும் குடியிருக்கத் தகுதியாகவும் வைத்திருக்கும் பொறுப்பை வீட்டுக்காரர்மேல் வைக்கிறது. குடிவரும்போதே குறை தெரிந்திருந்தது என்று சொல்லி அவர் தப்ப முடியாது. ஈரமான கட்டடங்களில் வாழ்வதற்கும் இருமல், இழுப்பு, ஆஸ்துமா மோசமாவதற்கும் உள்ள தொடர்பை அமெரிக்காவின் மருத்துவக் கழகம் 2004-இலும் உலக சுகாதார நிறுவனம் 2009-இலும் அறிக்கையாக வெளியிட்டாயிற்று. ஆகவே ஈரப்பதத்தை 60 சதவீதத்துக்குக் கீழே, முடிந்தால் 50-க்குப் பக்கத்தில் வைத்திருப்பது கனடாவில் பேஸ்மென்ட் வாடகைக்கு விடுபவரின் வேலை, ஃபர்னஸைப் பழுதுபார்ப்பதைப்போல. பத்து இருபது டாலருக்குக் கிடைக்கும் ஈரமானி ஒன்றைச் சுவரில் மாட்டிவிட்டால் யார் சொல்வது சரி என்ற தர்க்கமும் முடிந்தது. வாளியைத் தினமும் தூக்க யாருக்கும் பொறுமையில்லை என்பதால், ஈரநீக்கியின் பின்புறம் ரப்பர் குழாயை மாட்டித் தரை வடிகாலுக்கு விடுவது நல்லது. பாக்கி நிற்பது ஒரே கேள்வி: ஹைட்ரோ வாடகைக்குள் அடங்காத வீடுகளில் அந்த மூன்று மாத 50 டாலர் யாருடையது? அதை ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடலாம், ஜூன் வருவதற்கு முன்பே.